லாரியை மறித்தவர்

அரியலூர் போகும் பஸ் அன்று ஒரு பள்ளிக்கூட வாசலருகே நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தேன். மூடாமல் சுண்ணாம்புக்கல் ஏற்றிவந்த லாரியை மறித்து, முந்தானையால் மூக்கைக் கட்டிய ஒரு பெண் நின்றிருந்தார். அந்தப் பள்ளியில் சத்துணவு சமைப்பவராம். உயர்த்திப் பிடித்த போனில் லைவ் ஓடிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள்கூடப் பார்ப்பார்கள் என்றார் கண்டக்டர்.

“எம் பொழப்புல ஏம்மா மண்ணப் போடுற?” என்று கத்தினார் லாரி டிரைவர்.

“நீங்கதான் தம்பி எம் புள்ளைங்க சோத்துல மண்ணப் போட்டுட்டுப் போறீங்க. பயப்படாதீங்க, உங்க மூஞ்சிய எடுக்கல. லோடத்தான் எடுக்கறேன். தார்ப்பாயக் கட்டுங்க, வழி விடறேன்.”

அவர் குரல் உயரவே இல்லை. டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறித் தார்ப்பாயை விரித்தார். உடனே அந்தப் பெண் லைவை நிறுத்தி, போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கீழே தொங்கிய கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

“இதைத்தானேங்க எல்லாரும் பாக்கணும்? ஏன் நிறுத்திட்டீங்க?” என்று கேட்டேன்.

“அவருதான் கட்டுறாரே. இனிமே அவரக் காட்டி என்னங்க ஆவப்போவுது?” என்றபடி முடிச்சை இறுக்கினார்.

ஜெயித்த நேரத்தில் என்னால் அந்த லைவை நிறுத்தியிருக்க முடியுமா?