மூத்திரத்துக்கு ஒரு டோக்கன்

மூத்திரம் பொய் சொல்லாது. அதைக் கொண்டுவருகிறவர்கள்தான் சொல்வார்கள். திருவொற்றியூரில் ஒரு சின்ன லேபில் முப்பத்தெட்டு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் வந்தவர்கள் என் வயசுக்காரர்கள். இப்போது வருவது இருபது, இருபத்திரண்டு. சரியாக மூடாத டப்பாவைக் கைக்குட்டையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து ஆள் முகத்தைப் பார்க்காமல் வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கேளுங்கள்.

ஒரே நிறம்

சாம்பிள் டப்பா கைக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். இது எங்கள் தொழிலின் முதல் பாடம். கண்டெய்னர் லாரி ஓட்டுகிற இரண்டு பையன்கள், வேலைக்கு மெடிக்கல் எடுக்க வந்தார்கள். ஒருவன் பின் ஒருவனாகக் கழிவறைக்குப் போனார்கள். முதல் டப்பா சூடு. இரண்டாவது ஆறிப்போயிருந்தது. ஒரே நிறம், ஒரே நுரை. இரண்டாவது ஆள் வந்ததிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "போய் உன்னோடதை எடுத்துட்டு வா" என்றேன்.

டீ டிகாஷன் மாதிரி கொண்டுவந்தான். ரத்தம். கல் அடைத்திருக்கிறது. துறைமுக கேட்டுக்கு முன்னால் நாள் முழுக்க லாரி வரிசை. இறங்கினால் வரிசை நகர்ந்துவிடும், இறங்காமலிருக்க வேண்டுமானால் தண்ணீர் குடிக்கக் கூடாது. இந்தக் கணக்கைப் போட்டவனை எவனும் பிடிப்பதில்லை. முதலில் மட்டும் எப்படியடா இரண்டும் ஒன்றாக இருந்தது என்று கேட்டேன். கூட வந்தவன் கூசாமல் சொன்னான்: "ரெண்டு பேரும் ஒரே கடைலதான் துன்றோம் நைனா, அதான் ஒரே கலரு."

கண்ணாடித் தண்ணீர்

திவ்யாவுக்கு இருபத்திரண்டு வயது. எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து வருகிறவள். ஒரு வயர் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவை நீர்க்கடுப்பு, குளிர்காய்ச்சல். லீவு முடிந்து உள்ளே போக வேண்டுமானால் 'யூரின் நார்மல்' என்ற ரிப்போர்ட் வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவள் கொடுத்த டப்பாவைத் தூக்கிப் பார்த்தால் மறுபக்கம் சுவர் தெரிகிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தே இரண்டு பாட்டில் தண்ணீரைக் காலி செய்திருக்கிறாள். அத்தனை தண்ணீரில் சீழ் எங்கே அகப்படும்?

"தண்ணிய டெஸ்ட் பண்றதுக்கு நான் எதுக்கு? நாளைக்குக் காலைல எழுந்ததும் வர்றதைப் புடிச்சிட்டு வா" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. குரல் மட்டும் இறங்கவில்லை: "வருசம் பூரா தண்ணியே குடிக்காம கெடந்தேன், ஒருத்தரும் இன்னான்னு கேக்கல. இன்னிக்கு ஒரு நாளு குடிச்சேன், அது தப்பா தாத்தா?"

கயிறு

மறுநாள் கொண்டுவந்தது உண்மையைச் சொல்லியது. சீழ் எக்கச்சக்கம். மூத்திரத்தோடு புரோட்டீனும் இறங்குகிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் இருக்க வேண்டிய கோட்டைத் தாண்டி நின்றது. சிறுநீரகம் சிரமப்படுகிறது என்று அர்த்தம். டாக்டர் மருந்து எழுதிவிட்டு, அடக்குவதை இன்றோடு நிறுத்தாவிட்டால் சிறுநீரகத்துக்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பினார்.

ஏன் அடக்குகிறாய் என்று கேட்டேன். அவள் லைனில் முப்பது பெண்கள். கழிவறைக்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் டோக்கன், சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். போனவள் வந்து மாட்டினால்தான் அடுத்தவள் எடுக்கலாம். ஒரு நாளில் இரண்டு தடவைக்கு மேல் எடுத்தால் பெயர் போர்டில் ஏறும். ஒரே வாரத்தில் மூன்று நாள் ஏறினால் வேலை போச்சு. தண்ணீர் கேன் பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. அந்த சூப்பர்வைசர் மனுஷன்தானா என்று கத்தினேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள்: "அவுரு நல்ல மாதிரிதான் தாத்தா, போன மாசங்கூட டோக்கனுக்குப் புதுக் கயிறு கட்டிக் குடுத்தாரு."

வரவே இல்லை

மருந்து முடிந்து, ரிப்போர்ட் சரியாகி, திவ்யா வேலைக்குத் திரும்பினாள். அடுத்த வாரமே அந்தக் கம்பெனியின் வருஷாந்திர மருத்துவ முகாம் வேலை எங்கள் லேபுக்கு வந்தது. முப்பது டப்பாவோடு கம்பெனிக்கு நானே போனேன். டோக்கன் முறைப்படிதான் அனுப்புவேன் என்றார் சூப்பர்வைசர். சின்ன வயசு, கழுத்தில் அட்டை, முடியில் ஜெல். சரி என்று உட்கார்ந்தேன்.

போனவள் காலி டப்பாவோடு வந்தாள். அடுத்தவளும் காலி. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இறங்காத உடம்பு எதைக் கொடுக்கும்? சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் இருபது பேர் போய்வந்ததில் பத்தொன்பது காலி டப்பா சேர்ந்துவிட்டது. திவ்யாவின் டப்பா மட்டும் நிறைந்திருந்தது, கைக்கு நல்ல சூடு. டாக்டர் சொன்னதைக் கேட்டுக் குடிக்கிறாள், போகிறாள். போர்டைப் பார்த்தேன். திங்கள், செவ்வாய், இரண்டு நாளும் அவள் பெயர். அன்று புதன், அதற்குள் இரண்டு தடவை எடுத்தாயிற்று. இன்னொரு தடவை டோக்கனைத் தொட்டால் சிறுநீரகம் பிழைக்கும், வேலை பிழைக்காது. சூப்பர்வைசர் காலி டப்பாக்களை எண்ணிவிட்டு என்னிடம் சிரித்தார்: "பாத்தீங்களா சார், இதுங்களுக்கு வரவே இல்ல, அப்புறம் எதுக்கு தெனம் டோக்கன் கேக்குதுங்க?"

காரணம்

சாம்பிள் வராத பெயருக்கு எதிரே 'இல்லை' என்று எழுதுவது வழக்கம். நான் பத்தொன்பது பெயருக்கும் காரணம் எழுதினேன்: 'தண்ணீர் குடிக்கவில்லை. கழிவறைக்கு டோக்கன்.' கையெழுத்துப் போட்டு, காலி டப்பாக்களை மேனேஜர் மேஜையில் வரிசையாக அடுக்கிவிட்டு நின்றேன். அந்த ரிப்போர்ட் சர்க்கார் ஆபீசுக்குப் போக வேண்டியது. மாற்றி எழுதச் சொன்னார். டப்பாவை நிரப்பிக் கொடுங்கள், மாற்றுகிறேன் என்றேன். என் முதலாளிக்குப் போன் போனது. அவர் கத்தியதை இங்கே எழுத முடியாது.

ஆனால் டப்பா நிரம்ப வேண்டுமானால் பெண்கள் குடிக்க வேண்டும். குடித்தால் போக வேண்டும். அன்று மதியமே ஆணியிலிருந்து டோக்கன் இறங்கியது, போர்டைத் துடைத்தார்கள். சனிக்கிழமை முப்பது டப்பாவும் நிறைந்து வந்தன. புது ரிப்போர்ட் எழுதினேன். பழையதன் நகல் என் பையில் இருக்கிறது என்பதையும் மேனேஜரிடம் சொல்லிவைத்தேன். டோக்கன் திரும்ப ஏறவில்லை.

ஒரு மாதம் கழித்து திவ்யா வந்தாள். கிரியாட்டினின் கோட்டுக்குள் இறங்கியிருந்தது. ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். கம்பெனி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை: "இப்ப தண்ணி கேனாண்ட ஒரு நோட்டு கீது தாத்தா, குடிச்சா கையெழுத்து போடணுமாம்."

முப்பத்தெட்டு வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: இந்தப் பக்கத்தில் ஒரு பெண் ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால், பத்தொன்பது பேர் போக முடியாமல் நின்று காட்ட வேண்டியிருக்கிறது.