சொல்லக் கூடாத விளைச்சல்

பொத்தான் போன் காலத்தில் நானும் என் தோழியும் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். கம்பெனி மூடும்போது, நாங்கள் செய்த ஒரு கேமின் உரிமையை எங்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் கல்யாணமாகி, பிறந்த மலையான கொல்லிமலைக்கே திரும்பிவிட்டேன். அவள் அங்கேயே பிடிக்காத ஒரு வேலையில் தேய்ந்துகொண்டிருந்தாள். பழைய கேம்களை டவுன்லோடு செய்து ஆட இப்போது ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும், நம்முடையதையும் ஆன்லைன் கடையில் விற்கலாம் என்றாள். ஒரு வருஷத்துக்கு என்ன வரும் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் அவள் வேலையை விடுவாள், அல்லது ஆபீஸ் நீட்டும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவாள்.

அந்தக் கணக்கு லேசுப்பட்டதல்ல. எது எத்தனை விற்றது என்று ஆன்லைன் கடை வெளியே சொல்லாது. எங்களுடையது மாதிரியான கேம்களுக்கு வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளை எண்ணி, எழுதாமல் வாங்கியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஊகித்துப் பெருக்க வேண்டும். தள்ளுபடி, திருப்பிக் கொடுத்தது, கடையின் பங்கு எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். கழித்தும் இரண்டு பேர் சிக்கனமாக ஒரு வருஷம் ஓட்டும் அளவுக்கு நின்றது.

அதை அவளிடம் சொல்வதற்குள், நான் மாவு மில்லுக்குப் போயிருந்தபோது அவள் போன் பண்ணியிருக்கிறாள். எடுத்த என் வீட்டுக்காரர், "அதுல என்னங்க வரப்போகுது, போட்ட காசு திரும்புனாலே பெருசுங்க" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் மலையில் மிளகு கொடியில் நிற்கும்போது விளைச்சலை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கொத்துக் கொத்தாகத் தொங்கினாலும் கீழேயிருந்து வரும் வியாபாரியிடம், "ஒண்ணுமே புடிக்கலீங்க" என்போம். சொன்னால் கண் பட்டுவிடும். வியாபாரிக்கும் இது தெரியும். தலையாட்டிவிட்டுக் கொடியை அண்ணாந்து பார்த்துக்கொள்வார். சென்னையில் இருப்பவள் எதை அண்ணாந்து பார்ப்பாள்?

கோபத்தில் நான் மாவுத் தூக்கைத் தரையில் வைத்த வேகத்தில் பாதி கொட்டிப்போனது.

"ஏனுங்க, அவ பொழப்பே இதுல இருக்குதுங்க. இதென்ன மிளகாங்க?"

"நல்லா வரோணும்னுதான் புள்ள அப்படிச் சொன்னேன்" என்றார். பாவம், நிஜமாகவே அதற்காகத்தான் சொல்லியிருந்தார்.

உடனே அவளைக் கூப்பிட்டேன். "அவர் சொன்னது உண்மையாடி? சாயந்திரத்துக்குள்ள கையெழுத்துக் கேக்கறாங்க" என்றாள்.

"பாக்கலாம்டி, பெருசா ஒண்ணும்..." என்றுதான் என் வாயிலும் வந்தது. என் நாக்கும் இந்த மலையில் வளர்ந்ததுதானே. நிறுத்திக்கொண்டேன். பிறகு தொகையைக் குறைக்காமல் முழுசாகச் சொன்னேன். வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

அவள் தொகையை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "போதும்டி. வேலையை விட்டுடறேன்" என்றாள்.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். பயம்தான் வந்தது. அதுவரை லேப்டாப்பில் சும்மா கிடந்த எண்ணை நம்பி இனி அவள் வாடகை கட்ட வேண்டும். வீட்டுக்காரர் உப்பையும் மிளகாயையும் கையில் பொத்திக்கொண்டு லேப்டாப்புக்குத் திருஷ்டி சுற்ற வந்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"இருங்க" என்று போனையும் அதன் பக்கத்தில் வைத்தேன். "அவளுக்கும் சேத்துச் சுத்துங்க."