குழாயடியில் ஒரு போலீஸ் மேசை

திருத்தங்கல் பக்கம் ஒரு காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்த இசைவாணிக்குக் கார் ஓட்ட வராது. ஐ.நா. அமைதிப் பணிக்குப் போலீசாரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் முதல் தடவை அவர் தோற்றது அதனால்தான். ஆங்கிலத்தில் தேறியிருந்தார். துப்பாக்கி சுடுவதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜீப்பைப் பின்னால் எடுத்து இரண்டு கம்புகளுக்கு நடுவே நிறுத்தச் சொன்னார்கள். இரண்டையும் சாய்த்துவிட்டார்.

கணவர் செல்வக்குமார் சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குக் காலண்டர் லோடு அடிக்கிற வேன் டிரைவர்.

“டிரைவர் பொண்டாட்டி வண்டிய இடிச்சான்னு வெளிய சொல்லிராதீக,” என்றார் இசைவாணி.

“நான் எதுக்குச் சொல்றேன்? அங்கன சாஞ்சு கெடக்க கம்பு சொல்லும்.”

காலண்டர் சீசன் முடிந்ததும், லோடு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் வெம்பக்கோட்டைச் சாலையோரப் பொட்டலில் பாடம் ஆரம்பமானது. ஸ்டேஷனில் ஆட்களை அதட்டிப் பழகியவர், வேனின் கிளச்சையும் அதே அதட்டலோடு மிதித்து விட்டார். வண்டி குதித்துக் குதித்து நின்றது.

“கிளச்ச மெதுவா விடு. அது ஒண்ணும் அக்யூஸ்ட் இல்ல,” என்றார் செல்வக்குமார். அவர் கை கதவுப் பிடியை விட்டு நகரவே இல்லை.

அடுத்த தேர்வில் ஜீப் கம்புகளுக்கு நடுவே ஒழுங்காகப் போய் நின்றது. டெல்லியில் பயிற்சி முடிந்து, தெற்கு சூடானுக்குப் போக உத்தரவு வந்தது.

தாயில்பட்டியில் இருக்கும் அம்மா சின்னத்தாய் என்ன சொல்வாரோ என்றுதான் எல்லோருக்கும் பயம். சின்னத்தாய் பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகுகிறவர். சண்டை நடந்த நாடு, கையில் துப்பாக்கிகூட இருக்காது, நீலத் தொப்பி மட்டும்தான் என்று மகள் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

“நான் அம்புட்டு மருந்துக்கு நடுவுல உக்காந்து வேல பாக்கேன். போகாதம்மான்னு நீ ஒரு நா சொன்னியா? நான் மட்டும் எதுக்குச் சொல்லணும்? போயிட்டு வா,” என்றார்.

அந்த நாட்டுத் தலைநகர் ஜூபாவுக்கு வெளியே, சண்டையில் வீடிழந்தவர்கள் தங்கியிருந்த முகாமில் இசைவாணிக்கு வேலை. திருடனைப் பிடிக்கிற வேலை அல்ல. அந்த ஊர் போலீசாருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களே எல்லாவற்றையும் நடத்தும்படி செய்ய வேண்டும். முகாமின் காவல் சாவடியில் பெண்கள் புகார் சொல்ல ஒரு மேசை போட்டிருந்தார்கள். அதன் பொறுப்பு ஆச்சோல் என்ற சார்ஜென்டிடம் இருந்தது. நெடுநெடுவென்ற உயரம், அதிகம் பேசமாட்டார். மேசைக்கு யாரும் வருவதில்லை.

முதல் வகுப்பில் இசைவாணி லேப்டாப்பைத் திறந்து, புகாரை எப்படிக் கேட்பது என்று படம் போட்டு விளக்கினார். பாதியில் இரண்டு பெண் போலீசார் தூங்கிவிட்டார்கள். எல்லோரும் போனபின் ஆச்சோல் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்:

“உங்களுக்கு முன்னால் வந்தவர்களும் இதே படத்தைத்தான் காட்டினார்கள்.”

இசைவாணிக்கு முகம் சுருங்கிப்போனது. லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு, “நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்.

“ஆண்கள் கூடி நிற்கிற சாவடிக்கு எந்தப் பெண் வருவாள்? மேசையைக் குழாயடிக்குக் கொண்டுபோவேன்.”

தாயில்பட்டிப் பெண்களும் ஸ்டேஷன் படியேற மாட்டார்கள், பஸ் ஸ்டாப்பில் தன் பைக்கை மறித்துத்தான் குறை சொல்வார்கள் என்பது இசைவாணிக்கு உடனே ஞாபகம் வந்தது. சாவடி அதிகாரியோ, குழாயடியில் உட்கார்ந்தால் சீருடைக்கு என்ன மரியாதை என்று தயங்கினார். ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருவருமாகப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். மேசையின் ஒரு முனையை ஆச்சோல் பிடிக்க, மறுமுனையை இசைவாணி தூக்கிக்கொண்டு போனார்.

முதல் நாள் ஆடுகள்தான் வந்தன. மறுநாள் வரிசையில் யார் குடம் முந்தியது என்ற சண்டை வந்தது. ஆச்சோல் ஏதோ சொன்னார், வரிசை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு பெண்கள் மேசைக்குப் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாள் ஒரு பெண் தண்ணீர்க் கேனைக் கீழே வைத்துவிட்டு, தனியாகப் பேச வேண்டும் என்றார். கணவர் இறந்தபின் அந்தப் பெண்ணின் தையல் மெஷினைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறானாம். அவருக்குப் பிழைப்பே அதுதான்.

ஆச்சோல் எழுதிக்கொண்டு, அந்தப் பெண்ணையும் இரண்டு பெண் போலீசாரையும் கூட்டிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்குப் போனார். இசைவாணி வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது மெஷின் அந்தப் பெண்ணின் தலைமேல் இருந்தது. சுற்றுவழியானாலும் எல்லோரும் பார்க்க முகாமின் நடுத்தெரு வழியாகத்தான் போவேன் என்று அவர் நடந்தார். பின்னாலேயே பெண்கள் குலவையிட்டுக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது.

புதிதாகச் சேர்ந்த பெண் போலீசாருக்கு ஆச்சோலே வகுப்பெடுத்தார். தையல் மெஷின் கதையில் கொழுந்தனாகவும் அவரே நடித்தார். யாரும் தூங்கவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த இசைவாணி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ விளக்கப் போக, “பின்னால் பேச்சு வேண்டாம்,” என்றார் ஆச்சோல். இசைவாணி கையைக் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் போனில் செல்வக்குமார் சிரித்தார். “அப்ப உனக்கு அங்கன வேலையே இல்லயா?”

“ஆமாங்க. ஓரமா உக்கார வச்சிட்டாக,” என்றார் இசைவாணி. குரலில் அவ்வளவு சந்தோஷம்.