நிற்காமல் ஓடிய கக்கூஸ் தண்ணீர்

என் கணவர் கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆபீஸ் கிளாக்கர். எங்கள் குவார்ட்டர்ஸ் கக்கூஸில் சங்கிலியை இழுத்துத் தண்ணீர் விடும் பழைய தொட்டியைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் பொத்தான் வைத்த புதுத் தொட்டி பூட்டியிருந்தார்கள். ஒருநாள் அழுத்திய பொத்தான் திரும்ப எழும்பவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"கக்கூஸ் கழுவுற ஆள் வரட்டும். நாம அதுல கை வைக்கக் கூடாது" என்றார் கணவர். நானும் பேசாமல் இருந்ததுதான் தவறு.

மறுநாள் காலையில் தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்துப் பெண்கள் வெறும் வாளிகளோடு வாசலில் நின்றார்கள்.

"அம்மா, பீலியில சொட்டுத் தண்ணி இல்லீங்க. புள்ளைங்களுக்குக் கஞ்சி வைக்கக்கூட வழியில்ல" என்றாள் ஒருத்தி. அவர்களுக்கும் எங்களுக்கும் மலைமேல் ஒரே தண்ணீர்த் தாங்கிதான்; அதில் சேர்ந்ததெல்லாம் எங்கள் கக்கூஸ் வழியாகவே போய்க்கொண்டிருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கம்பி வளைக்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். தொட்டியின் பீங்கான் மூடியைத் தூக்கும்போது கை வழுக்கி, அது என் கால்விரலுக்குப் பக்கத்தில் விழுந்து உடைந்தது. நல்லவேளை, காயமில்லை. உள்ளே பார்த்தால், பொத்தானின் கம்பி வளைந்து, அடியிலிருந்த ரப்பர் மூடியைத் தூக்கிப் பிடித்திருந்தது. கம்பியை நிமிர்த்தினேன். தண்ணீர் நின்றது.

"அந்தக் கையாலயா சோறு போடப் போறே?" என்றார் கணவர்.

"ஆமாங்க. குசினிக்கு வர்ற அதே தண்ணிதான் இது."

இப்போதெல்லாம் தண்ணீர் நின்ற பிறகுதான் கக்கூஸை விட்டு வெளியே வருகிறேன். பழுதானால் எந்த ஆளுக்கும் காத்திருப்பதில்லை. குறடு குசினியில், கரண்டிகளுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. அருவருப்புப் படுகிறவர்கள் என் வீட்டில் கை நனைக்க வேண்டாம்.