ஹவ்லுக்கட்டில் விட்ட புத்தகம்

குரங்கு மனிதனான கதையை எனக்குச் சொன்னவன் என் மச்சான், மாமியின் மகன். ஐம்பதுகளில் கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருவரும் புதிதாகப் படிப்பிக்கச் சேர்ந்திருந்தோம். கொழும்பில் வாங்கிய இங்கிலீசுப் புத்தகம் ஒன்று அவனிடம் இருந்தது. பின்னேரம் அசர் தொழுதுவிட்டுக் கடற்கரையில் நடக்கும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் கதைப்பான்.

நான் விடமாட்டேன். "அறிவு உசிர் தப்புறத்துக்கு வந்த சாமான் எண்டா, அது உண்மையைக் காட்டும் எண்டு என்னெண்டுடா நம்புற? உன்ட புத்தகத்தை எழுதினதும் அந்த அறிவுதானே?"

"ஆத்துல கிடக்கிற முதலையை மரக்கட்டை எண்டு நினைச்சவனுக்குப் புள்ள குட்டி இல்ல மச்சான். சரியாக் கண்டவன்ட வழிதான் நாம" என்பான். எனக்கு எரிச்சல் வரும். மறுநாளும் அந்த எரிச்சலுக்காகவே அவனைத் தேடிப் போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்த தண்ணீர்த் தொட்டியின் ஹவ்லுக்கட்டிலேயே புத்தகத்தை மறந்து வைத்துவிட்டான், அந்தக் கெட்டிக்காரன். குரங்கின் எலும்புக்கூடும் மனிதனின் எலும்புக்கூடும் சேர்ந்து நிற்கும் படம் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயர் கைக்குப் போய்விட்டது. ஊரில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. நிந்தவூரில் எனக்குப் பேசியிருந்த நிக்காஹ்வையும் அவர்தான் முன்னின்று பேசியிருந்தார்.

எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஆர்ர புத்தகம் இது?"

மச்சான் நிலத்தைப் பார்த்தான். "இவன்ட. மனிசன் குரங்குல இருந்து வந்த எண்டு ஒவ்வொரு நாளும் கதைப்பான். நான் எவ்வளவோ மறுத்துச் சொன்னன்."

மறுத்துச் சொன்னதாக அவன் எடுத்துவிட்டதெல்லாம் கடற்கரையில் நான் சொன்னவை, சொல்லுக்குச் சொல். அவனே திருத்திச் சொல்வான் என்று நம்பி வாயை மூடிக்கொண்டு நின்றேன், மடையன். அதை ஒப்புக்கொண்டதாக எடுத்து, புதிதாக இஸ்லாத்துக்கு வருபவனைப் போல என்னைக் கலிமா சொல்லவைத்து அனுப்பினார்கள். அந்தக் கிழமையே நிந்தவூர்ப் பெண் வீட்டார் நிக்காஹ் வேண்டாம் என்று உம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் சந்தைக்குப் பின்னால் மச்சான் என்னை மறித்தான். "மூணு தங்கச்சிமாருக்கு வீடு கட்டோணும் மச்சான். என்ட வேலை போனா அதுகளை ஆரு முடிப்பான்? தப்புறத்துக்காகச் சொல்லிப்போட்டன்."

சீதனமாக வீடில்லாத பெண்ணை எங்கள் பக்கத்தில் எவனும் கலியாணம் முடிக்கமாட்டான், அது உண்மை. அவன் பொய் சொன்னதற்குக் காரணத்தை அவன் புத்தகமே சொல்லிவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் அழுதுகொண்டு நின்றான்.

"தப்பிட்டாய்தானே, புறகு என்னத்துக்குடா அழுறாய்?"

உயிர் தப்பப் பொய் சொன்ன அந்த அறிவுக்கு, அது பொய் என்று எதற்குத் தெரிந்திருக்க வேண்டும்? முதலைக் கதை மாதிரி இதற்கும் ஏதாவது சொல்வான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாரன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சந்தைக்குள் போய்விட்டான்.

மூன்று தங்கைமாரின் நிக்காஹ்வுக்கும் வந்து கூப்பிட்டான். நான் போகவில்லை.