கெட்டிக்கோல் தேடிய விதோயே

பதினான்கு வருடம் நான் விதோயேவின் பேருந்தில் கண்டக்டர். உஷித்சேவிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பி, ஸ்லாதிபோர் மேட்டில் மூச்சு வாங்க ஏறி, மதியத்துக்குள் லிம் ஆற்றங்கரையில் பிரியேபோல்யே போய்ச் சேருவோம். சாயங்காலம் அதே வழியில் திரும்புவோம். மற்ற டிரைவர்கள் நிறுத்தத்தில் இறங்கினால் காப்பி குடிப்பார்கள், சிகரெட் பிடிப்பார்கள். இவர் யாரையாவது பிடித்து, "உங்க வீட்டுப் பரண்ல பழைய இரும்பு ஏதாச்சும் கெடக்குதா?" என்று ஆரம்பித்துவிடுவார்.

அவருக்குப் பழைய துப்பாக்கிகள்மேல் பைத்தியம். சுடுவதற்கு அல்ல. வேட்டைக்கே போகாதவர், சாலையில் முயல் குறுக்கே ஓடினால் நாற்பது பயணிகளும் முன்சீட்டில் முட்டிக்கொள்ளும்படி பிரேக் போடுவார். துருக்கியர் காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கிகளைத்தான் அவர் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் காவல் நிலையத்தில் முறைப்படி உரிமத் தாள் வாங்கிவைத்திருந்தார். வயது ஐம்பதைத் தொட்டும் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு அறை வீட்டில் ஒன்றில் துப்பாக்கிகள் இருந்தன, இன்னொன்றில் அவர் இருந்தார்.

எங்கள் பக்கத்தில் பழைய துப்பாக்கி கிடைப்பது பெரிய காரியம் இல்லை. அதோடு சேர்ந்த சில்லறைச் சாமான்கள்தான் கிடைக்காது. ஈயக்குண்டு வார்க்கும் அச்சு, வெடிமருந்துக் குடுவை, துப்பாக்கிக்குப் பூசும் கொழுப்பு வைக்கும் பித்தளைச் செப்பு. துப்பாக்கியை அப்பன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போனான். இவற்றை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. உருக்கினார்கள், தொலைத்தார்கள், பிள்ளைகளுக்கு விளையாடத் தந்தார்கள்.

விதோயேவின் சேகரிப்பிலேயே உயர்ந்தது ஒரு கைத்துப்பாக்கி. பிடி முழுக்க வெள்ளித் தகடு, அதில் மாதுளம்பூ வேலைப்பாடு. தன் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவரிடமிருந்து வாங்கியது. அதற்குக் கெட்டிக்கோல் இல்லை. மருந்தையும் குண்டையும் குழலுக்குள் போட்டு இடித்து இறுக்கும் கோல் அது. இந்த வகைத் துப்பாக்கியில் குழலுக்கு அடியில் கோல் மாதிரித் தெரிவது வெறும் அலங்காரம். உண்மையான கோலைத் தனியாகக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். தனியாக இருந்ததால் தனியாகவே காணாமல் போயிற்று.

எழுபத்துமூன்றாம் வருடம் ஆடு மாடுகளை மேய்ச்சல் மேட்டுக்கு ஓட்டிப்போகும் பருவம். நோவா வரோஷுக்கு அப்புறம் உள்ள ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. சாலையோரம் தனியாக ஒரு வீடு. தண்ணீர் கேட்டு இரண்டு பேரும் போனோம். கதவைத் திறந்தவர் ஸ்தமென்கா. வனத்துறையில் வேலை பார்த்த கணவர் மரம் விழுந்து இறந்து ஐந்தாறு வருடமாகியிருந்தது. ஸ்வெட்டர் பின்னி விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வாளியைக் காட்டினார், உட்காரச் சொன்னார், காப்பி போட்டார். பிறகு சுவரில் தொங்கிய ஒரு வெள்ளிக் கோலை எடுத்து, அதன் தலையைத் திருகினார். உள்ளிருந்து ஒரு சின்ன இடுக்கி வந்தது. அதைக்கொண்டு அடுப்பிலிருந்து ஒரு நெருப்புத் துண்டை எடுத்துத் தன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

விதோயேவின் கையில் இருந்த காப்பி தளும்பிக் கால்சட்டையில் கொட்டியது. அந்தக் காலத்துக் கெட்டிக்கோல்களுக்குள் இப்படி இடுக்கி வைப்பதுண்டு. கோலின் தலையில் மாதுளம்பூ.

விஷயத்தைச் சொன்னார். தன்னிடம் ஒரு துப்பாக்கி இருப்பதையும், இது அதன் பாதி என்பதையும் சொல்லி, விலைக்குத் தரமுடியுமா என்று பவ்யமாகக் கேட்டார். ஸ்தமென்கா புகையை விட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "அப்போ உங்க பாதிய எனக்குக் குடுத்துருங்களேன்" என்றார்.

இருபது வருடமாகத் துப்பாக்கி தேடியவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சட்டென்று எழுந்து வந்துவிட்டார். தண்ணீர் எடுக்க மறந்ததால் நான் திரும்பிப் போய் வாளியைத் தூக்கிவந்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஏற்றத்தில் எங்கள் ரேடியேட்டர் வாரம் ஒருமுறையாவது கொதித்தது. குளிர்காலத்திலும் கொதித்தது. முதலில் ஒரு காப்பி இயந்திரம் தருவதாகச் சொன்னார். பிறகு தையல் இயந்திரம். பிறகு இரண்டு செம்மறி ஆடுகள். ஒவ்வொன்றுக்கும் ஸ்தமென்கா அதே பதிலைத்தான் சொன்னார், துப்பாக்கியைக் கொண்டு வாருங்கள் என்று. பயணிகளுக்குப் பழகிவிட்டது. சந்தைக்குப் போகும் பாலாடைக்கட்டிக்காரிகள் பேருந்திலிருந்து இறங்கி அந்த முற்றத்தில் கால் நீட்டிக்கொள்வார்கள். இன்றைக்குப் பேரம் எதுவரை வந்தது என்று என்னிடம் விசாரிப்பார்கள். ஒரு கிழவர் மட்டும், "தம்பி, எங்க காலத்துச் சண்டையில இதைவிடச் சீக்கிரமா ஊரையே பிடிச்சாங்க" என்றார். விதோயே காது கேட்காத மாதிரி ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்படி ஆறு வருடம். எழுபத்தொன்பதில் ஆற்றோரமாகப் புதுச்சாலை போட்டார்கள். நல்ல சாலை, ஏற்றமே கிடையாது. எங்கள் பேருந்தை அதில் மாற்றிவிட்டார்கள். ஸ்தமென்காவின் வீடு மேலே, பழைய சாலையில் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் விதோயே நிறுத்தங்களில் யாரையும் எதுவும் கேட்கவில்லை. தன்னிடம் குண்டு அச்சு இருக்கிறது என்று ஒரு ஆள் தானாகவே வந்து சொன்னபோது, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சின்னக் காரோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் கிளம்பத் தயாரானார். உள்ளே போய் சவரம் செய்துகொண்டு, ஒரு கம்பளித் துணி மூட்டையோடு வந்தார். பிரித்துப் பார்க்காமலே தெரிந்தது. மாதுளம்பூத் துப்பாக்கி.

ஸ்தமென்கா முற்றத்து அடுப்பில், குளிர்காலத்துக்குப் போட்டுவைக்கக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். விதோயே மூட்டையை மேசைமேல் வைத்துப் பிரித்தார்.

"நீங்க கேட்டது. வச்சுக்குங்க" என்றார்.

ஸ்தமென்கா பிடியில் இருந்த மாதுளம்பூவை விரலால் தடவினார். பிறகு உள்ளே போய்க் கோலைக் கொண்டுவந்து, அதைக் குழலுக்குள் செருகப் பார்த்தார். நுழையவில்லை. திருப்பிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார். கோல் ஒரு நெல்மணி அளவு கூடுதல் தடிமனாக இருந்தது. வேறு ஏதோ ஒரு பெரிய துப்பாக்கியின் கோல் அது. மாதுளம்பூ எல்லாத் தட்டானும் போடுகிற பூதானே.

விதோயேவைப் பார்த்தேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமா இது?" என்றார் ஸ்தமென்கா.

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"ரெண்டாவது தடவ வந்தப்பவே. நீங்க காப்பி கொண்டாரப் போனீங்க. ஒரு நூல வச்சு அளந்து பாத்தேன்."

ஸ்தமென்கா கோலை மேசைமேல் வைத்தார். வெட்கத்திலா கோபத்திலா தெரியவில்லை, கழுத்துவரை சிவந்துவிட்டது. "ஆறு வருஷமா என் காப்பிப்பொடியத் தீத்துருக்கே நீ" என்றார். அன்றுதான் முதல்முறையாக அவரை ஒருமையில் அழைத்தார். "வாயத் தொறந்து சொல்ல ஒரு நாள்கூடக் கெடைக்கலையா?"

நான் மிளகாய் கருகுவதாகச் சொல்லிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டேன். உண்மையிலேயே கருகிக்கொண்டிருந்தது.

அடுத்த வசந்தத்தில் நகராட்சி அலுவலகத்தில் கல்யாணம். நான்தான் சாட்சி நின்றேன். எங்கள் வழக்கத்தில் அது ரத்த உறவுக்குச் சமம். பாலாடைக்கட்டிக்காரிகள் நான்கு பேர் புதுச்சாலையில் வேறு பேருந்து பிடித்து வந்திருந்தார்கள்.

விதோயேவின் சேகரிப்பு அப்புறம்தான் உண்மையில் வளர்ந்தது. அவர் கேட்டால் ஆண்கள் வாசலில் நின்று இல்லை என்பார்கள். ஸ்தமென்கா கம்பளி நூல் வாங்கும் சாக்கில் நேராகச் சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். கொழுப்புச் செப்பில் பொத்தான்கள் இருப்பதைப் பார்ப்பார். மருந்துக் குடுவையில் கசகசாவைப் பார்ப்பார். ஒரு வீட்டில் குண்டு அச்சை வைத்து வாதுமைக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதில் ஒரு நல்ல பாக்குவெட்டி மாதிரியான கொட்டையுடைப்பானை வாங்கிக் கொடுத்து, அச்சை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஞாயிறுதோறும் மூன்று பேரும் என் காரில் கிளம்புவோம். கூடையில் ரொட்டி, உலர்த்திய இறைச்சி, ஒரு புட்டி பிளம் சாராயம். வழியில் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். விதோயே எந்தச் சாமானைப் பார்த்தாலும் முகத்திலேயே காட்டிவிடுகிறார், அதனால் விலை ஏறிவிடுகிறது என்பது ஸ்தமென்காவின் வழக்கு. அந்த ஞாயிறுகளை இப்போது நினைத்தாலும் எனக்குக் கம்பளியும் பெட்ரோலும் கலந்த அந்தக் காரின் வாசனை வருகிறது.

தொண்ணூறுகளில் விலைவாசி ஏறிக் காசு வெறும் காகிதமாயிற்று. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் மார்க் நோட்டுகளோடு வந்து கதவைத் தட்டினார்கள். விதோயே நான்கு துப்பாக்கிகளை விற்றார். அந்தக் குளிர்காலத்து விறகும் மாவும் அதில்தான் வந்தன. சில்லறைச் சாமான்களில் ஒன்றைக்கூட விற்க ஸ்தமென்கா விடவில்லை. தொண்ணூற்றேழில், நடை போய்விட்டு வந்து காலணியைக் கழற்றும்போதே விதோயே போய்விட்டார். துப்பாக்கிகளை ஸ்தமென்கா ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மாதுளம்பூவை மட்டும் தாள் எல்லாம் மாற்றித் தன் பெயரில் வைத்துக்கொண்டார்.

அதன் சொந்தக் கோல் இன்னும் கிடைக்கவில்லை. போன சனிக்கிழமை ஸ்தமென்கா போன் செய்தார். சியெனிட்சா பக்கம் ஒரு வீட்டில் வெள்ளிக் கோல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டாராம். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, கண் சரியில்லை. மெதுவாகவே ஓட்டினேன். போய்ப் பார்த்தால் அது திரைச்சீலை மாட்டுகிற கம்பி, சாயம் பூசியது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு எங்களைப் பார்த்துப் பாவமாகிவிட்டது. உட்காரவைத்து ஆட்டிறைச்சி சூப்பும் சூடான ரொட்டியும் கொடுத்தாள். ஸ்தமென்கா சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் இந்தப் பக்கம் இன்னும் எந்தெந்த வீட்டில் பழைய சாமான் இருக்கும் என்று விசாரித்து, மூன்று பெயர்களை என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார்.