சகாயத்தின் துவாலை

கைபேசி ஒலித்தபோது நான் மேசைக்கு அடியில் டார்ச்சோடு கிடந்தேன். சிப்பிக் குஞ்சுத் தொட்டிகளின் வெப்பத்தையும் ஆக்ஸிஜனையும் அளந்து கணினிக்குள் கொண்டுவரும் கார்டு இருந்த இடத்தில்தான் இருந்தது. கணினிதான் அப்படி ஒன்றே இல்லை என்றது. பேசியது சகாயத்தின் மகள். "அப்பா காலையில போயிட்டாங்க மாமா." எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். இந்த நாள் பார்த்தா போக வேண்டும்?

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் புரியும். முத்துச்சிப்பிப் பண்ணையில் தொட்டிகள் அவர் பொறுப்பு, கருவிகள் என் பொறுப்பு. கணினிக்குக் கார்டு தெரியாவிட்டால் எச்சரிக்கை மணி அடிக்காது. அந்த நேரம் காற்றுக் குழாய் நின்றால் தொட்டியில் ஒரு குஞ்சு மிஞ்சாது. நான் வரிசையாகப் போவேன். கணினியை நிறுத்தி மறுபடி போடுவேன், கார்டின் டிரைவர் மென்பொருளை நீக்கித் திரும்ப ஏற்றுவேன், ஸ்லாட்டை மாற்றுவேன். சரியாகத்தான் செய்தேனா என்று மீண்டும் பார்ப்பேன். அதற்குள் சகாயம் கார்டை உருவி, தோள் துவாலையால் துடைத்துச் செருகிவிடுவார். வேலையும் செய்துவிடும்.

"நீங்க ஜாதகம் பாத்துக்கிட்டே இருங்க அண்ணாச்சி."

சில நாளில் மறுபடி போகும். தொட்டியில் விட்ட கையைத் துடைப்பதும் அதே துவாலையில்தான். கார்டின் முனைகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"துவாலைல உப்பு இருக்கு, சகாயம்."

"உப்பு இல்லாம தூத்துக்குடில என்ன இருக்கு?"



ஒரு மதியம் துவாலையும் பலிக்கவில்லை. நான் கார்டை வாங்கி, பென்சில் ரப்பரால் முனைகளைத் தேய்த்தேன். அவர் தொட்டியருகே ஸ்டூலைப் போட்டுக் குமிழியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். "பதறாமத் தேய்ங்க. மணி அடிக்கலன்னா என்ன, நான் இருக்கேம்லா." நடுவில் ஒரு குழாய் நின்றது. மாற்றுக் குழாயை அவரே போட்டார். குஞ்சுகள் பிழைத்தன. கணினியும் கார்டை ஒப்புக்கொண்டது.

"பாத்தியளா, காலையில நான் துடைச்சது இப்பத்தான் வேலை செய்யுது" என்றார்.

அவர் போன அன்று தொட்டியருகே உட்கார ஆள் இல்லை. ரப்பரால் தேய்த்து, கார்டு தெரிந்து, மணியைச் சோதித்த பிறகுதான் கிளம்பினேன். அவர் ஊர் கீழவைப்பாரில், குழிக்கு மண் போடும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன்.

துவாலை பண்ணையில், அவர் ஆணியிலேயே தொங்குகிறது. நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து நான்தான் மாட்டினேன். உப்பு முழுக்கப் போயிற்றா என்று எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.